மரத்தளத்துக்கு ஆணி தெரிவு செய்தல்: திருகோணமலை வீடுகளுக்கு ஓர் எளிய விளக்கம்

வீட்டுக்கு மரத்தளம் போட நினைப்பவர்கள் மரத்தைத் தெரிவு செய்வதற்கே பெரும்பாலான நேரத்தைச் செலவிடுகிறார்கள். தேக்கா முதிரையா, பலகை எவ்வளவு அகலம், மெருகு பளபளக்க வேண்டுமா மங்கலாக இருக்க வேண்டுமா என்றெல்லாம் பல நாள் பேசுகிறார்கள். ஆணி மட்டும் வேலை தொடங்கும் காலையில் அருகிலுள்ள ஹாட்வெயார் கடையில் கிலோக் கணக்கில் வாங்கப்படுகிறது. தளம் போட்ட முதல் மாதங்களில் இதனால் எந்த வேறுபாடும் தெரியாது. ஒரு மாரிகாலமும் ஒரு கச்சான் காலமும் கடந்த பிறகே, நடக்கும்போது கிறீச்சிடும் பலகையும், ஓரம் மேலெழுந்த பலகையும், ஆணித் தலையைச் சுற்றிப் படர்ந்த கருங்கறையும் தெரிய வருகின்றன. நல்ல மரத்தில் போட்ட தளம் கெடும்போது மரத்தைக் குறை சொல்வது வழக்கமாகிவிட்டது. பல வேளைகளில் குறை, பலகையைப் பிடித்து வைத்திருந்த ஆணியிலோ அது இறங்கிய அடித்தளத்திலோதான் இருக்கிறது.

இந்தக் கட்டுரை முழுமரத் தளத்தைப் பற்றியது. மேலிருந்து கீழ்வரை ஒரே மரத்தால் ஆன, பெரும்பாலும் 18 அல்லது 19 மில்லிமீற்றர் தடிப்புள்ள, ஒரு நெடும் பக்கத்தில் வெளியே நீளும் நாக்கும் மறு பக்கத்தில் அந்த நாக்கு நுழையும் காடியும் வெட்டிய பலகைகளையே முழுமரப் பலகை என்கிறேன். மேலே மெல்லிய மரத்தோல் ஒட்டிய பலகைகளுக்கும், ஒன்றோடொன்று பூட்டிக் கொள்ளும் லாமினேற் பலகைகளுக்கும் விதிகள் வேறு.

ஆணியைப் பற்றிப் பேசுமுன் மரம் என்ன செய்கிறது என்பதைப் புரிந்து கொள்ள வேண்டும். அறுத்து உலர்த்திய பலகையும் தன்னைச் சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஏற்ப ஈரத்தை உள்ளே இழுக்கும், வெளியே விடும். திருகோணமலையில் வைகாசி, ஆனி மாதங்களில் தொடங்கி வீசும் கச்சான் காற்று நிலத்தின் மேலாக வந்து எல்லாவற்றையும் உலர்த்துகிறது. ஐப்பசிக்குப் பிறகு வடகீழ்ப் பருவமழை வந்துவிட்டால் துவைத்த துணி உலர்வதே கடினம். 30 பாகை செல்சியசில் காற்றின் சார் ஈரப்பதன் 60 சதவீதமாக நிலைத்திருந்தால் மரத்தின் ஈரம் ஏறக்குறைய 11 சதவீதத்தில் வந்து நிற்கும். அதே வெப்பநிலையில் சார் ஈரப்பதன் 80 சதவீதமானால் மரத்தின் ஈரம் 15 முதல் 16 சதவீதம் வரை ஏறும். ஈரம் ஏறினால் பலகை அகலத்தில் விரியும், இறங்கினால் சுருங்கும். நீளத்தில் ஏற்படும் மாற்றம் மிகச் சிறிது, அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

அந்த விரிவு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. தேக்கு மிகக் குறைவாக அசையும் மரங்களுள் ஒன்று. ஆனாலும் வளையங்கள் படுக்கையாகத் தெரியும்படி அறுத்த 100 மில்லிமீற்றர் அகலத் தேக்குப் பலகையின் ஈரம் 4 சதவீதம் மாறினால், அதன் அகலம் ஏறக்குறைய முக்கால் மில்லிமீற்றர் மாறுகிறது. ஒரு பலகையில் அது கண்ணுக்கே தெரியாது. 3 மீற்றர் அகலமான அறையில் அத்தகைய பலகைகள் 30 இருக்கும், எல்லாவற்றையும் கூட்டினால் 22 மில்லிமீற்றருக்கு மேல் வருகிறது. சுவரோரம் 12 முதல் 19 மில்லிமீற்றர் வரை இடைவெளி விட்டு அதை ஓரப்பலகையால் மறைக்கச் சொல்வதன் காரணம் இதுதான். ஆணியின் வேலை என்ன என்பதையும் இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. மரம் விரிவதை எந்த ஆணியாலும் தடுக்க முடியாது. பலகை தன் இடத்திலேயே சிறிது விரிந்து சுருங்க இடம் கொடுத்துக்கொண்டு, அதே வேளையில் அது மேலெழாமலும் வளையாமலும் அடித்தளத்தோடு இறுத்தி வைத்திருப்பதே ஆணியிடம் நாம் கேட்கும் வேலை.

இதனால்தான் முழுமரப் பலகைக்கு ஒரு பக்கத்தில் மட்டும் ஆணி அடிக்கிறார்கள். நாக்கும் பலகையின் உடலும் சேரும் மூலையில், ஏறக்குறைய 45 பாகைச் சரிவில் ஆணி இறங்குகிறது. அடுத்த பலகையின் காடி வந்து அந்த நாக்கை மூடும்போது ஆணித் தலையும் மறைந்து விடுகிறது. காடிப் பக்கத்தில் ஆணி கிடையாது. அந்தப் பக்கத்தை முந்திய பலகையின் நாக்கு கீழே அழுத்திப் பிடித்திருக்கும், ஆனால் பக்கவாட்டில் வழுக்கி நகர விடும். ஒவ்வொரு பலகையும் தன் நாக்குப் பக்கத்தை நிலையாக வைத்துக்கொண்டு காடிப் பக்கமாக அசைவதால், 30 பலகைகளின் அசைவும் சேர்ந்து ஒரே சுவரைப் போய்த் தள்ளுவது பெருமளவு குறைகிறது. அழுத்தமாக இருக்கட்டும் என்று எண்ணிப் பலகையின் இரு ஓரத்திலும் மேலிருந்து ஆணி அறைந்துவிட்டால் இந்த ஏற்பாடு முழுவதும் வீணாகிவிடும். கச்சான் காலத்தில் சுருங்க முயலும் பலகை இரண்டு பக்கமும் பிடிபட்டு நடுவில் வெடிக்கும்.

ஆணி எதற்குள் இறங்குகிறது?

ஆணிகளைப் பற்றிய வெளிநாட்டு விளக்கங்கள் பெரும்பாலும் மரச்சட்டங்களின் மேல் ஒட்டுப்பலகை விரித்த அடித்தளத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இங்கே வீடுகளின் தரை கொங்கிறீற்றும் சீமெந்துப் பூச்சும்தான். நாக்கில் அடிக்கும் மெல்லிய ஆணியைக் கொங்கிறீற்றுக்குள் இறக்க முடியாது, இறக்கினாலும் பிடிக்காது. ஆகவே முழுமரத் தளத்துக்கு இடையில் ஆணியைப் பிடிக்கக்கூடிய ஒரு மர அடுக்கு கட்டாயம் தேவை. இதைச் செலவு என்று கருதித் தவிர்ப்பவர்கள் பலகையைப் பசையால் மட்டும் சீமெந்தில் ஒட்டச் சொல்கிறார்கள். மாரியில் நிலநீர் மேலே வரும் மணற்பாங்கான கரையோரக் காணிகளில், கீழ்த்தளத்தில், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆணி பிடிக்கும் அடுக்கை இரண்டு விதமாக அமைக்கலாம். ஒன்று, 40 மில்லிமீற்றருக்குக் குறையாத தடிப்புள்ள, மருந்தூட்டிய சட்டங்களை ஓர் அடி இடைவெளியில், அதைவிட நெருக்கமாக இருந்தால் இன்னும் நல்லது, படுக்கையாக வைத்துப் பொருத்துவது. மற்றது, தரை முழுவதும் ஒட்டுப்பலகை விரிப்பது. ஒட்டுப்பலகை ஒரே அடுக்கானால் 18 மில்லிமீற்றர் தடிப்பு வேண்டும். அதைக் கொங்கிறீற்றில் திருகி இறுக்கலாம், ஆனால் ஒவ்வொரு துளையும் கீழே விரித்த ஈரத்தடுப்புப் பொலித்தீனைக் குத்திக் கிழிக்கும். கீழ்த்தளத்தில் எனக்குப் பிடித்த முறை வேறு: பொலித்தீனின் மேல் 12 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையை இரண்டு அடுக்காக, மேல் அடுக்கின் பொருத்துகள் கீழ் அடுக்கின் பொருத்துகளின் மேல் விழாதபடி குறுக்காக வைத்து, இரண்டையும் ஒன்றோடொன்று மட்டும் குட்டைத் திருகாணிகளால் இணைப்பது. கொங்கிறீற்றோடு எந்தப் பிணைப்பும் இல்லாததால் பொலித்தீன் முழுமையாக இருக்கும். எந்த முறையானாலும் ஒட்டுப்பலகை நீர் தாங்கும் பசையால் ஆனதாக இருக்க வேண்டும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையும் எம்.டி.எப். பலகையும் ஆணியைப் பிடிக்காது, ஈரம் பட்டால் ஊதிவிடும்.

கொங்கிறீற்று உலர்ந்துவிட்டதா என்று பார்க்க எளிய வழியொன்று உண்டு. ஒன்றரை அடிச் சதுரமான கண்ணாடிப் பொலித்தீன் துண்டொன்றை நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் நாடாவால் ஒட்டி ஒரு நாள் விட வேண்டும். எடுக்கும்போது உட்புறத்தில் நீர்த்துளி நின்றாலோ, கொங்கிறீற்று நிறம் கறுத்திருந்தாலோ வேலையைத் தள்ளிப் போடுங்கள். துளி இல்லை என்பதாலேயே எல்லாம் சரி என்று உறுதி கொள்ள முடியாது, ஆனால் துளி இருந்தால் தளம் போடக் கூடாது என்பது உறுதி. ஈரமான அடித்தளத்தில் எவ்வளவு நல்ல ஆணி அடித்தாலும் பயனில்லை. அமெரிக்காவின் தேசிய மரத்தளச் சங்கத்தின் வழிகாட்டி, தளப் பலகைக்கும் அடியிலுள்ள மர அடுக்குக்கும் இடையிலான ஈர வேறுபாடு, 3 அங்குலத்துக்குக் குறைந்த பலகையில் 4 சதவீதத்தையும், அதற்கு மேற்பட்ட அகலத்தில் 2 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்கிறது. ஈரமானி வைத்திருக்கும் தச்சர் ஒருவரைக் கண்டுபிடித்தால் பாதிக் கவலை தீரும்.

நான்கு வகைகள்

தளப் பலகைக்கென்றே செய்யப்படும் ஆணி கிளீட் எனப்படும். அது வட்டக் கம்பியில் செய்யப்படுவதில்லை, தகட்டில் வெட்டி எடுக்கப்படுகிறது. அதன் தலை ஆங்கில எழுத்து எல் அல்லது டீ வடிவத்தில் இருக்கும், உடலின் ஓரத்தில் சிறு பற்கள் வெட்டப்பட்டிருக்கும். பற்கள் மரநாருக்குள் கொளுவிக் கொள்வதால் ஆணி மேலே நழுவுவது கடினம். உடல் ஒற்றையாகவும் மெல்லியதாகவும் இருப்பதால் பலகை பக்கவாட்டில் அசையும்போது அதனோடு சிறிது வளைந்து கொடுக்கும். மேலே சொன்ன இரண்டு தேவைகளையும், அதாவது கீழே இறுத்துவதையும் அசைய விடுவதையும், ஒரே பொருளில் சேர்த்து வைத்திருப்பது கிளீட்தான். அதை அடிப்பதற்குத் தனிக் கருவி வேண்டும். கொம்பிரசரில் இயங்கும் கருவியும் உண்டு, பெரிய மொக்கைச் சுத்தியலால் தட்டி இயக்கும் கைக்கருவியும் உண்டு. எல் தலைக்கான கருவியில் டீ தலை கிளீட் போகாது. ஆகவே முதலில் கருவி எது என்று உறுதி செய்துவிட்டு அதற்குரிய கிளீட்டை வாங்க வேண்டும்.

ஸ்டேப்பிள் என்பது இரண்டு காலும் மேலே ஒரு பாலமும் உள்ள கம்பி. தளத்துக்கான ஸ்டேப்பிளின் பாலம் அரை அங்குல அகலம், கம்பியின் தடிப்பு 15.5 கேஜ் (கேஜ் எண்ணைப் பின்னர் விளக்குகிறேன்). இரண்டு கால் இறங்குவதால் அடித்த உடன் பிடி மிக உறுதியாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் அகலமான பாலம் நாக்கைக் குறுக்கே வெட்டிப் பிளக்கும் வாய்ப்பு கூடுதல், அதிலும் அடர்ந்த மரத்தில். பருவத்துக்குப் பருவம் மரம் நன்றாக அசையும் இடத்தில் அந்த இறுக்கமே பின்னர் தளர்ச்சிக்கும் கிறீச்சொலிக்கும் காரணமாகலாம். ஆண்டு முழுவதும் குளிரூட்டி இயங்கும் மூடிய அறையில் ஸ்டேப்பிள் போதுமானதாக இருக்கக் கூடும். யன்னல்களைத் திறந்து வைத்து வாழும் வீட்டுக்கு நான் கிளீட்டையே சொல்வேன்.

இவ்விரண்டுக்கும் கருவி கிடைக்காத நிலையில் மூன்றாவது வகை கைகொடுக்கும். உடலைச் சுற்றி வளையங்கள் வெட்டிய ஆணி அது. வழுவழுப்பான சாதாரணக் கம்பி ஆணியைவிட இது இழுவிசையை நன்றாகத் தாங்கும், ஏனெனில் விலகிய மரநார் வளையங்களுக்கு இடையில் போய் அடைந்து கொள்கிறது. 50 மில்லிமீற்றர் நீளமும் 2.5 மில்லிமீற்றர் விட்டமும் உள்ள ஆணியை, 2 மில்லிமீற்றர் துளை முன்னதாகப் போட்டு, 45 பாகையில் அடித்து, கடைசிச் சில மில்லிமீற்றரை ஆணிக்குத்தியால் இறக்க வேண்டும். சுத்தியலால் முழுவதும் அடிக்கப் போனால் பலகையின் மேல் விளிம்பு நசுங்கும், அந்த விளிம்புதான் முடிந்த தளத்தில் கண்ணுக்குத் தெரிவது. வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஒரு சிறிய அறைக்கு ஒரு நல்ல ஓடாவியார் இதைப் பொறுமையாகச் செய்து முடித்தால், கருவியால் அடித்ததற்குக் குறையாத தளம் கிடைக்கும்.

நான்காவது திருகாணி. கடைகளில் ஸ்குரூ ஆணி என்று கேட்பது இதைத்தான். திருகாணியின் பிடி எல்லாவற்றிலும் வலுவானது, அதே அளவுக்கு அது வளைந்து கொடுக்காதது. ஆகவே நாக்குப் பக்கம் முழுவதற்கும் அது ஏற்றதல்ல. கப்பற் தளம்போல மிக அகலமான பலகைகளை மேலிருந்து திருகி, தலையை ஆழப் பதித்து, அதே மரத்தில் வெட்டிய 10 மில்லிமீற்றர் வட்டக் கட்டையால் அடைக்கும் பழைய முறைக்கு அது பொருந்தும். அப்போதும் திருகாணியின் கழுத்து போகும் துளை பலகையில் சற்றுத் தாராளமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அசைவுக்கு இடமிராது. ஜிப்சம் பலகைக்குப் பயன்படும் கறுப்புத் திருகாணியை மரத்தளத்தில் எந்த இடத்திலும் பயன்படுத்த வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். அது கடினமாக்கப்பட்ட, எளிதில் முறியும் உருக்கு. பலகை அசையும்போது வளையாமல் தலை தெறித்துவிடும், அதன் கறுப்புப் பூச்சு கடற்காற்றுக்குச் சிறிதும் தாங்காது.

கேஜும் நீளமும்

முதன்முதலில் ஆணிப் பெட்டியைப் படிப்பவருக்குக் குழப்பம் தருவது கேஜ் எண்தான். எண் கூடக் கூட ஆணி மெல்லியதாகிறது. 16 கேஜ் கிளீட் ஏறக்குறைய 1.6 மில்லிமீற்றர் தடிப்பு, 18 கேஜ் ஏறக்குறைய 1.2 மில்லிமீற்றர். 18 அல்லது 19 மில்லிமீற்றர் பலகைக்கு 16 கேஜ் வழக்கமானது. 12 மில்லிமீற்றர் அளவிலான மெல்லிய பலகைக்கும், நாக்கு எளிதில் பிளக்கும் மிகக் கடினமான மரங்களுக்கும் 18 கேஜ் நல்லது. ஆணி தடித்தால் தளம் உறுதியாகும் என்ற எண்ணம் இங்கே பொருந்தாது. பிளந்த நாக்கில் இருக்கும் தடித்த ஆணி எதையும் பிடித்திருக்கவில்லை.

நீளத்தைத் தெரிவு செய்வதில்தான் இங்குள்ள அடித்தளங்களில் அதிகம் தவறு நேர்கிறது, ஆகவே கணக்கைப் படிப்படியாகப் பார்ப்போம். ஆணி 45 பாகையில் சரிந்து போவதால், அது நேர்கீழாக இறங்கும் ஆழம் அதன் நீளத்தில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்குதான். 2 அங்குல ஆணி, அதாவது 50 மில்லிமீற்றர், 35 மில்லிமீற்றர் ஆழம் போகும். அது தொடங்கும் இடம் பலகையின் மேற்பரப்பு அல்ல, நாக்கின் மூலை. அங்கிருந்து பலகையின் அடிவரை ஏறக்குறைய 10 மில்லிமீற்றர். ஆகவே அடித்தளத்துக்குள் 25 மில்லிமீற்றர் செல்லும். 40 மில்லிமீற்றர் சட்டத்துக்கு இது மிகப் பொருத்தம். கொங்கிறீற்றின் மேல் விரித்த 18 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகைக்கோ இது நீளம் கூடியது. முனை ஒட்டுப்பலகையைத் துளைத்து, பொலித்தீனையும் துளைத்து, கொங்கிறீற்றில் முட்டி மடியும். அந்த முட்டலால் தலை முழுவதும் இறங்காமல் மேலே நிற்கும், அடுத்த பலகை நெருங்கி வராது. அங்கே ஒன்றரை அங்குல ஆணி, அதாவது 38 மில்லிமீற்றர், வேண்டும். அது 27 மில்லிமீற்றர் ஆழம் போய், 10 மில்லிமீற்றரைப் பலகையில் விட்டு, 17 மில்லிமீற்றரை ஒட்டுப்பலகைக்குள் செலுத்துகிறது. இரண்டு அடுக்கு 12 மில்லிமீற்றர் முறையில் மொத்தம் 24 இருப்பதால் அதே ஒன்றரை அங்குலம் பொலித்தீனைத் தொடாமல் நிற்கும். உங்கள் பலகையின் நாக்கு எந்த உயரத்தில் வெட்டப்பட்டிருக்கிறது என்பதை அளந்து இதே கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

இடைவெளியைப் பொறுத்தவரை, 3 அங்குலத்துக்குக் குறைந்த பலகைக்கு 8 முதல் 10 அங்குலத்துக்கு ஓர் ஆணி, அதற்கு மேற்பட்ட அகலத்துக்கு 6 முதல் 8 அங்குலத்துக்கு ஓர் ஆணி என்று வைத்துக்கொள்ளலாம். பலகையின் முனையிலிருந்து 1 முதல் 3 அங்குலத்துக்குள் ஓர் ஆணி இருக்க வேண்டும், எவ்வளவு குட்டைப் பலகையானாலும் இரண்டு ஆணிக்குக் குறையக் கூடாது. சட்டங்களின் மேல் நேரடியாகப் போடும்போது ஒவ்வொரு சட்டத்திலும் ஆணி இறங்க வேண்டும், இடைவெளியைச் சட்டங்களே முடிவு செய்துவிடும். அகலப் பலகைக்கு ஏன் நெருக்கம் கூட வேண்டும் என்று கேட்கலாம். 5 அங்குலப் பலகையிலும் ஆணி வரிசை ஒன்றுதான், ஆனால் அது பிடிக்க வேண்டிய மரமும் தாங்க வேண்டிய அசைவும் இரண்டரை அங்குலப் பலகையைப்போல இரு மடங்கு. 5 அங்குலத்தைத் தாண்டினால் ஆணி மட்டும் போதாது. பலகையின் அடியில் நெகிழும் தன்மையுள்ள பொலியுரித்தேன் பசையைப் பாம்பு நெளிவதுபோல் ஒரு கோடாக இட்டு, அதன் பிறகு ஆணி அடிக்க வேண்டும். தளபாடங்களுக்குப் பயன்படும் வெள்ளைப் பசை இதற்கு உதவாது. அது இறுகி நெகிழ மறுக்கும், ஈரத்திலும் கெடும். தேக்கில் இயல்பாகவே எண்ணெய் இருப்பதால் பசை இடும் பக்கத்தைத் தின்னர் தோய்த்த துணியால் துடைத்துவிட்டு இடுவது நல்லது.

கடற்காற்றும் கறலும்

திருகோணமலை நகரத்தில் எந்தத் திசையில் நடந்தாலும் சிறிது நேரத்தில் கடல் வந்துவிடும். உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளி என்று வடக்கே போகும் கரையோரத்தில் வீட்டுக்கும் அலைக்கும் இடையில் மணல் மட்டுமே இருக்கும் இடங்கள் பல. யன்னற் கம்பியும் பிணைச்சலும் எவ்வளவு விரைவாகக் கறல் பிடிக்கின்றன என்பதை இங்கு வாழ்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தரைக்குள் மறைந்திருக்கும் ஆணிக்கு அந்தக் காற்று போகாது என்று நினைப்பது தவறு. காற்றில் வரும் உப்பு நுண்துகள்களாகப் படிகிறது, தரை துடைக்கும் நீரோடு பலகைப் பொருத்துகளுக்குள் இறங்குகிறது, உப்பு தானே ஈரத்தை இழுத்து வைத்துக் கொள்கிறது. கறல் பிடித்த இரும்பு பருமனில் பெருத்து, தன்னைச் சுற்றியுள்ள மரநாரைச் சிதைக்கும். பற்களும் வளையங்களும் அரிக்கப்பட்டு, பெருத்துப்போன துளையில் ஆணி ஆடத் தொடங்கினால் அதன் பிடி முடிந்தது.

பூச்சுகளில் இரண்டு வகை கடைகளில் ஒரே பெயரில் கிடைக்கின்றன. மின்முறையில் பூசிய நாகம் (சிங்க் உலோகம்) பளபளப்பாக, சில மைக்ரோன் தடிப்பில் இருக்கும். உருகிய நாகத்தில் தோய்த்த ஆணி மங்கலான சாம்பல் நிறத்தில், சற்றுக் கரடுமுரடாக இருக்கும், அதன் பூச்சுப் பல மடங்கு தடிப்பானது. கல்வனைஸ் என்று சொன்னால் இரண்டில் எதையும் தரலாம், ஆகவே கையில் எடுத்துப் பார்த்து மங்கலானதைத் தெரிவு செய்யுங்கள். கருவிக்கான கிளீட்டுகளின் பூச்சு மெல்லியதாகவே இருக்கும். கடலிலிருந்து விலகிய, குளிரூட்டிய மேல்மாடி அறைக்கு அது போதும். கடலை நேரே பார்க்கும் திறந்த வீட்டுக்கு, கருவியை விட்டுவிட்டு, துருப்பிடிக்காத உருக்கில் செய்த வளைய ஆணியைக் கையால் அடிப்பதே என் தெரிவு. துருப்பிடிக்காத உருக்கிலும் 304, 316 என்று தரங்கள் உண்டு. 316 தரத்தில் 2 முதல் 3 சதவீதம் மொலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பின் அரிப்பை அது நன்றாகத் தாங்கும். விலை கூடியதுதான். ஆனால் ஓர் அறையின் மொத்தச் செலவில் மரமே பெரும்பங்கு, ஆணி மிகச் சிறு பங்கு. பின்னர் ஆணியை மாற்ற வேண்டுமானால் தளத்தையே கிளப்ப வேண்டும் என்பதையும் நினைவில் வைத்து விலையை ஒப்பிடுங்கள்.

கறலுக்கு வெளியே இன்னொரு கறையும் உண்டு. தனின் என்னும் துவர்ப்புப் பொருள் நிறைந்த மரத்தில் வெறும் இரும்பு ஈரத்தோடு சேர்ந்தால் நீலங்கலந்த கருங்கறை உண்டாகும். மேலிருந்து ஆணி அடிக்கும் முதல் வரிசையிலும் கடைசி வரிசையிலும் இது கண்ணில் படும். அந்த வரிசைகளில் கருவி சுவரோடு ஒட்டி நிற்க இடமில்லாததால் மேலிருந்து அடிப்பதைத் தவிர வழியில்லை. மெல்லிய தலையுள்ள ஆணியை, ஓரப்பலகை மறைக்கும் அளவுக்குச் சுவரோரமாக, முன்துளை போட்டு அடித்து, தலையைப் பதித்து மக்கு வைக்க வேண்டும். குறைந்தது இந்த ஆணிகளையாவது துருப்பிடிக்காத உருக்கில் வாங்குங்கள்.

நம்மூர் மரங்களின் கடினம்

தேக்கு ஆணிக்கு இணங்கும் மரம். இந்த உலர்வலயத்து மரங்கள் அப்படியல்ல. முதிரை கன மீற்றருக்கு 900 கிலோகிராமுக்கு மேல் நிறை உடையது, பாலை அதனினும் கனமானது. சாவண்டலை ஓரளவு நார் நெகிழ்ச்சியோடு ஆணியை ஏற்கும். சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படும் இந்த மரம் ஒரு காலத்தில் இந்தத் துறைமுகத்திலிருந்து சென்னைக்கு, கரையலையைக் கடக்கும் மசூலாப் படகுகள் கட்டக் கப்பலேறியது, ஆங்கிலேய மர வணிகர்கள் இதைத் திருகோணமலையின் பெயராலேயே அழைத்தார்கள். அலையில் மோதி மோதி வளைந்து கொடுத்த மரம் என்பதால் தளத்துக்கும் நன்றாக உழைக்கும் என்பது என் நம்பிக்கை. இம்மரங்களை வாங்கும்போது கொண்டுசெல்லும் அனுமதிப் பத்திரத்தைக் கேட்டுப் பெற வேண்டும்.

முதிரையிலும் பாலையிலும் முன்துளை இல்லாமல் கையால் ஆணி அடிக்கவே கூடாது. ஆணி மடியும், அல்லது நாக்கு பிளக்கும். துளை ஆணியின் விட்டத்தில் முக்கால் பங்குக்குக் குறையாமலும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்படாமலும் இருந்தால் பிடி குறையாது. 8 ஆம் இலக்கத் திருகாணிக்கு, அதன் விட்டம் 4.2 மில்லிமீற்றர், கடின மரத்தில் 3.2 மில்லிமீற்றர் துளை சரியாக இருக்கும். துருப்பிடிக்காத உருக்குத் திருகாணி சாதாரண உருக்கைவிட மென்மையானது, இறுக்கமான துளையில் அழுத்தித் திருகினால் கழுத்து முறிந்து பாதி உள்ளேயே நின்றுவிடும். அதற்கு மெழுகுதிரியில் ஒரு முறை தேய்த்துவிட்டுத் திருகினால் எளிதாக இறங்கும். சவர்க்காரம் தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள், ஆனால் சவர்க்காரம் ஈரத்தை இழுப்பதால் மெழுகே நல்லது.

கிளீட் கருவியைப் பயன்படுத்துவதானால், கொம்பிரசரின் அழுத்தத்தை 70 பி.எஸ்.ஐ. அளவில் தொடங்கி, உங்கள் பலகையின் கழிவுத் துண்டுகளை உங்கள் அடித்தளத்தின் துண்டொன்றில் அடித்துப் பார்த்து, சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். தலை நாக்கின் மூலையில் மட்டமாகப் பதிந்தால் அழுத்தம் சரி. மேலே நின்றால் குறைவு. நாக்கை நசுக்கி உள்ளே புதைந்தால், அல்லது பலகையின் மேல் முகத்தில் சிறு புடைப்பு எழுந்தால், அழுத்தம் கூடிவிட்டது. அடித்த துண்டைக் கிளப்பி நாக்கின் அடிப்பக்கத்தையும் பாருங்கள், மயிரிழை வெடிப்பு அங்கேதான் முதலில் தெரியும். வெடிப்பு இருந்தால் 18 கேஜுக்கு மாறுங்கள். இந்தச் சோதனையைப் பெட்டி பெட்டியாக ஆணி வாங்கும் முன்பே, ஒரு சிறு பொதியை வாங்கிச் செய்துவிட வேண்டும்.

எவ்வளவு வாங்குவது என்பதையும் கணக்கிட்டுக்கொள்ளலாம். 10 சதுர மீற்றர் அறையில் 75 மில்லிமீற்றர் அகலப் பலகை போட்டால், பலகைகளின் மொத்த நீளம் ஏறக்குறைய 133 மீற்றர். 20 சென்ரிமீற்றருக்கு ஓர் ஆணி என்றால் 667 ஆணி வரும். ஒவ்வொரு பலகையின் முனைக்கும் தேவைப்படும் கூடுதல் ஆணிகளையும், மடிந்து வீணாவனவற்றையும் சேர்த்து 750 அளவில் வாங்குவது பாதுகாப்பானது. மீதியாகும் ஆணிகளை, அதே மரத்தின் இரண்டு மூன்று மிகுதிப் பலகைகளோடு சேர்த்து, பொலித்தீனில் இறுகக் கட்டி, கேஜையும் நீளத்தையும் மேலே எழுதி, உலர்ந்த இடத்தில் எடுத்து வையுங்கள். பிறகு ஒரு பலகையை மாற்ற வேண்டி வந்தால், வருகிற தச்சர் எந்த ஆணியைக் கொண்டுவர வேண்டும் என்று ஊகிக்க வேண்டியிராது.